நடுங்கும் கைக்கு ஒரு தூண்டில் கோல்

என் புருஷன் ஹாலிஸ் படகை விற்கப் போவதாகச் சொன்னது ஒரு வெள்ளிக்கிழமை காலை. ஞாயிறன்று சர்ச் முடிந்ததும் என் தம்பி கார்லண்ட் வந்து இழுத்துக்கொண்டு போவானாம். என் கூடப்பிறந்தவனிடம் எல்லாம் பேசி முடித்துவிட்டு என்னிடம் கடைசியில் சொல்கிறான். வந்த ஆத்திரத்தில் காபிக் கோப்பையைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் போட்டு உடைத்தேன்.

அவனுக்குப் பார்க்கின்சன் வந்து இரண்டு வருஷமாகிறது. வலது கை நிற்காமல் நடுங்கும். குரலும் இறங்கிவிட்டது. பக்கத்து நாற்காலியிலிருந்து பேசினாலும் "என்ன? என்ன?" என்று நான் கத்த வேண்டியிருக்கிறது. அதனாலேயே பேச்சைக் குறைத்துக்கொண்டான். போன அக்டோபரில் மட்டும் மூன்று தூண்டில் கோல்களை உடைத்தான். ஒன்று கை நழுவிப் படகு விளிம்பில் விழுந்தது, ஒன்று அவன் காலிலேயே மிதிபட்டது. மூன்றாவது, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றபோது அதில் வந்த பிள்ளைகள் சேர்ந்து வாங்கிக் கொடுத்த விலை உயர்ந்த கார்பன் கோல். அது முறிந்த நாளிலிருந்து ஏரிப்பக்கமே போகவில்லை.

இப்போது ஏப்ரல். டாக்வுட் மரங்கள் வெள்ளை வெளேரென்று பூத்துவிட்டன. கிராப்பி மீன்கள் முட்டையிடக் கரையோரம் ஏறி வந்திருக்கும். மிசிசிப்பியில் பிறந்து வளர்ந்த மனுஷன் இந்த நேரத்தில் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறான். படகும் போய்விட்டால் அந்த நாற்காலியிலிருந்து அவனை யாராலும் எழுப்ப முடியாது. எனக்குப் பயமாக இருந்தது.

நேராக நேடீனின் தூண்டில் இரைக்கடைக்குப் போனேன். சர்ச் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நின்று இருபது வருஷமாகச் சுருதி தப்பிப் பாடுகிறவள். தூண்டில் விஷயத்தில் மட்டும் தப்ப மாட்டாள்.

"உடையாத கோல் ஒண்ணு குடு. விலை கம்மியா இருக்கணும். நல்லா கனமா இருக்கணும்."

"கனமா எதுக்குடி? திமிங்கலமா பிடிக்கப் போற?"

"கனமா இருந்தா கை ஆட்டம் நுனிக்குப் போகாதுல்ல."

நேடீனின் சிரிப்பு நின்றது. "ஹாலிஸுக்கா?" என்றாள். தலையை ஆட்டினேன். அவள் மூன்று கோல்களை எடுத்து வந்து, முதலில் தடித்த ஃபைபர் கோலின் கைப்பிடியை என்னிடம் கொடுத்தாள். நுனியைத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு, "எங்க வீட்டு நாய்க்கு உன்னை விடப் பொறுமை ஜாஸ்தி," என்றாள்.

"என்னடி பண்ற?"

"நான் பேசினது கையில ஏதாவது தெரிஞ்சுதா?"

"ஒண்ணும் தெரியல."

"இதை அடிச்சுப் போட்டாலும் உடையாது. ஆனா தொடப்பக்கட்டையைப் பிடிச்ச மாதிரிதான். கிராப்பி சும்மா உறிஞ்சிப் பாத்துட்டுத் துப்பிட்டுப் போயிடும். கையில ஒண்ணும் தெரியாம ஹாலிஸ் பாட்டுக்கு உக்காந்திருப்பான்."

அடுத்தது கார்பன் கோல். அதே வசவைத் திரும்பச் சொன்னாள். அவள் குரல் என் உள்ளங்கையில் கிர்ரென்று ஓடியது. எனக்கு மேல் சிலிர்த்தது.

"பாத்தியா? ஆனா இது படகு விளிம்புல ஒரு அடி பட்டாப் போச்சு. உனக்கே தெரியும்."

மூன்றாவது இரண்டும் கலந்து செய்தது. பத்தடி நீளம், விலை முப்பது டாலர்கூட இல்லை. நூல் ஓடும் வளையங்கள் வெறும் இரும்பு, உள்ளே கழன்று விழப் பீங்கான் வளையம் எதுவுமில்லை. தக்கைக் கைப்பிடி நீளமாக இருந்தது. அதன் வாலை முழங்கைக்குக் கீழே அணைத்துக்கொண்டால் பாரத்தை முன்கை தாங்கும், விரல்கள் இறுக்க வேண்டியதில்லை. நுனியைத் தொண்டையில் வைத்து நேடீன் பேசினாள். கார்பன் அளவுக்கு இல்லை, ஆனாலும் குரல் வந்தது.

நான் அதைச் சிமெண்டுத் தரையில் தொப்பென்று போட்டேன். எடுத்து மறுபடி போட்டேன்.

"அடிப்பாவி! காசு குடுத்துட்டு அப்புறம் கொல்லு!"

மூன்றாவது தடவையும் போட்டுவிட்டுத்தான் பணம் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை ஹாலிஸைக் கிளப்பப் பொய்தான் சொல்ல வேண்டியிருந்தது. "ஆறு மாசமா கெடக்குற மோட்டாரு. ஓடுதான்னு பாக்காமலா என் தம்பி தலையில கட்டுவ?" என்றேன். நேர்மையில் கை வைத்தால் அவனுக்குப் பொறுக்காது. வந்தான்.

மோட்டார் ஓடியது. ஏரியில் சைப்ரஸ் மரங்கள் நிற்கும் ஓடைமுகத்தில் படகை நிறுத்திவிட்டு, புதுக் கோலை எடுத்து நானே தூண்டில் போட்டேன். முதலில் ஒரு கடியும் இல்லை. சற்று நேரத்தில் ஒன்று இழுத்தது. நான் வெடுக்கென்று தூக்கினேன், போய்விட்டது.

"என்ன கொடியா ஏத்துற? அது வாயி காகிதம் மாதிரி. கிழிச்சிட்டுப் போயிடும்," என்றான் ஹாலிஸ். மூன்று வாரத்தில் நான் கேட்ட மிக நீளமான பேச்சு அது.

"அவ்ளோ தெரிஞ்சா நீயே பிடி."

"இந்தக் கையோடயா?"

"கை உன்னோடதுதானே? வாடகைக்கா எடுத்த?"

முறைத்தான். பிறகு வாங்கிக்கொண்டான். ஒரு நிமிஷத்துக்குள் கோல் நழுவி விளிம்பில் மோதிப் படகுக்குள் விழுந்தது. அவன் முகம் செத்துவிட்டது. நான் குனிந்து நுனிவரை தடவிப் பார்த்தேன்.

"ஒண்ணும் ஆகல. நேடீன் கடைத் தரையில இதை விட மோசமா வாங்கியிருக்கு. கைப்பிடியை முழங்கைக்கு அடியில குடு."

அப்படியே அணைத்துக்கொண்டான். கை நடுங்கியது. கனம் அதை அடக்கும் என்று நான் நினைத்திருந்தேனே, இந்தக் கோல் எதையும் அடக்கவில்லை. நடுக்கம் நுனிவரை போனது, நூலில் இறங்கியது. நீருக்குள் இறகில் கட்டிய சின்னப் போலி இரை உயிருள்ள பொடிமீனாகத் துடித்திருக்க வேண்டும். நுனி மெல்ல வளைந்தது. ஹாலிஸ் வெடுக்கென்று இழுக்கவில்லை, நிதானமாக உயர்த்தினான். உள்ளங்கையை விட அகலமான கிராப்பி. நான் வலையை நீட்டினேன்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் பதினொன்று. நடுவே இரண்டு தப்பின. ஒரு தடவை நான் வாங்கிப் பார்த்தேன். என் கை கல்லாக நின்றது, ஒரு மீனும் திரும்பிப் பார்க்கவில்லை.

"உன் கை தூங்குது. அதான் மீனும் தூங்குது," என்றான். அவன் சிரித்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. வலையைக் கழுவுகிறவள் போலத் திரும்பிக்கொண்டேன்.

திரும்பும்போது நான்தான் மோட்டாரைப் பிடித்தேன். அவன் ஏதோ சொன்னான். இரைச்சலில் கேட்கவில்லை. "என்ன?" என்று கத்தினேன். மறுபடி சொன்னான். "என்ன?"

எப்போதும் போல வாயை மூடிக்கொள்வான் என்று நினைத்தேன். மூடவில்லை. கோலை எடுத்துக் கைப்பிடியை என் கையில் கொடுத்துவிட்டு, நுனியைத் தன் தொண்டையில் வைத்தான். தூண்டில்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தைதான் போலிருக்கிறது, எனக்குத்தான் நேற்றுவரை தெரியாது.

அவன் பேசினான். வார்த்தை புரியவில்லை. ஆனால் அவன் குரல் என் உள்ளங்கையில் கனமாக ஓடியது, நான் கட்டிக்கொண்ட நாளில் இருந்த அதே குரல்.

மோட்டாரை நிறுத்தினேன். "இப்பச் சொல்லு. என்ன சொன்ன?"

"கார்லண்டை நாளைக்குச் சாப்பிட மட்டும் வரச் சொல்லு," என்றான் ஹாலிஸ். "படகைக் கேட்டான்னா, அது எங்களுக்கு வேணும்னு சொல்லிடு."