கடலுக்குப் போட்ட தையல்

2007ஆம் ஆண்டு மே மாதம் பதினேழாம் தேதி, காலை ஏழரை மணிக்கும் பதினொன்றரை மணிக்கும் இடையில், திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரி வரையுள்ள கடல் கரையோடு சேர்த்துத் தைக்கப்பட்டது. ஓவர்லாக் தையல், வெள்ளை நூல், முழத்துக்கு மூன்று குத்து. தைத்தவன் அவிநாசிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் பதினோரு வருஷமாக டைலராக இருந்த சகாயராஜ். அவனுக்குக் கைமடியாக இருந்தவள் அவன் மனைவி விஜயராணி. டைலருக்கு எதிரே நின்று துணியை எடுத்துக் கொடுப்பதும், தைத்து வருவதை வாங்கி நூலை வெட்டிவிடுவதும் கைமடியின் வேலை. அத்தனை தூரத்துக்கு நூல் எங்கிருந்து வந்தது என்று பின்னால் சிலர் கேட்டார்கள். யாருக்கும் தெரியவில்லை.

இருவருக்கும் கன்னியாகுமரிக்குச் சற்று முன்னால் ஒரு கடற்கரை ஊர். 2004 கிறிஸ்துமஸுக்கு இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தார்கள். திங்கட்கிழமை சரக்குக் கப்பலேற வேண்டும், ஞாயிறும் வேலை உண்டு என்று கம்பெனியில் சொல்லியிருந்ததால் பண்டிகையன்றே பஸ் ஏறிவிட்டார்கள். மூத்தவள் அமலிக்கு ஏழு வயது. லீவு முடியும்வரை அத்தை வீட்டில் இருக்கிறேன் என்றாள். சின்னவள் ஜெசி அழுதாள், அதனால் கூடவே வந்தாள். மறுநாள் காலை பத்து மணி வாக்கில், அவர்கள் பனியனுக்குக் கைப்பகுதி தைத்துக்கொண்டிருந்தபோது, கடல் ஊருக்குள் வந்தது. மூன்றாம் நாள் அத்தையின் உடல் கிடைத்தது. அமலி கிடைக்கவில்லை. காணாமல் போனவர்கள் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அதை இறந்தவர்கள் பட்டியலுக்கு மாற்றக் கையெழுத்துக் கேட்டுக் கிராம அலுவலகத்திலிருந்து மூன்று முறை ஆள் வந்தது. விஜயராணி போடவில்லை.

"காணாமப் போனவ என்னைக்காவது வருவா. செத்தவ வருவாளா?" என்று கேட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மெஷின் மிதிப்பலகையில் வைத்த சகாயராஜின் வலது கால் அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. சாப்பிடும்போதும் மிதித்தது, பூசையில் முழங்கால் போட்டாலும் மிதித்தது. தூக்கத்தில் காலருகே எது கிடந்தாலும் விடிவதற்குள் தைபட்டுவிடும். பாயும் போர்வையும், ஜெசியின் பள்ளிக்கூடப் பையும் தலையணையும் ஒன்றாகக் கிடக்கும். வீட்டுக்காரியான பொன்னாத்தாள் ஒருநாள் காலையில் வாசலில் வந்து நின்றாள்.

"ஏனுங்க விஜயராணி, உங்கூட்டுக்காரரு காலைக் கொஞ்சம் கட்டிப்போட்டுப் படுக்க வெய்யுங்க. எங்கூட்டு வெள்ளாட்டுக்குட்டி வாலு கோணிப்பையோட சேந்து கெடக்குதுங்க. வாடகை குடுக்கறீங்க, ஒண்ணுஞ் சொல்ல முடியல."

விஜயராணி நூலை வெட்டி ஆட்டை விடுவித்தாள். தினமும் விடிந்ததும் அவளுக்கு அதுதான் முதல் வேலை. கம்பெனிக்கு இதனால் கெடுதல் ஒன்றுமில்லை. அவன் ஒருத்தன் இரண்டு ஆள் உருப்படி தைத்தான்.

2007இல் டாலர் இறங்கி ஆர்டர் குறைந்தது. மே மாதம் ஒரு வாரம் கம்பெனியைப் பூட்டினார்கள். சகாயராஜ் முதலாளி கந்தப்பனிடம் போய், கட்டிங் துணி ஏற்றும் ஆம்னி வண்டியைக் கேட்டான்.

"எடுத்துட்டுப் போ கண்ணு. சும்மாதான நிக்குது," என்றார் கந்தப்பன். பிறகு அவன் காலைப் பார்த்தார். "பிரேக்கு கொஞ்சம் மெதுவாத்தான் புடிக்கும். உன்ற காலும் அப்படித்தான். பாத்துப் போ."

எங்கே போகிறோம் என்று விஜயராணி கேட்டதற்கு, ஜெசி கடல் பார்த்து ரொம்ப நாளாயிற்று, திருச்செந்தூரிலிருந்து கடலோரமாகவே ஊருக்குப் போவோம் என்றான். அவளும் ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள்.

இடது பக்கம் கடல், வலது பக்கம் பனைமரங்களும் சிவந்த தேரி மணலும். காலை வெயிலில் அந்தச் சாலை மிக அழகாக இருந்தது. கொய்யாப்பழம் தின்றபடி ஜெசி பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். குலசேகரன்பட்டினம் தாண்டியதும், "அம்மா, பின்னால அலை நின்னுபோச்சு," என்றாள். விஜயராணி திரும்பிப் பார்த்தாள். வண்டி கடந்து வந்த தூரமெல்லாம் கடலின் ஓரம் கரைமேல் மடிந்து வெள்ளை நூலில் பிடித்திருந்தது. அலைகள் தையல்வரை வந்து, சுருங்கி, அப்படியே திரும்பின. பதினோரு வருஷம் கைமடியாக நின்றவளுக்குப் பார்த்ததும் தெரிந்தது. ஒரு குத்துக்கூடத் தவறாத தையல்.

"என்ன பண்றீங்க?"

"மூடுறேன்."

"மூடச் சொல்லி யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. எந்தெந்த ஊருக்காரனுக்கோ தச்சேன். எனக்குன்னு ஒண்ணு தைக்கக் கூடாதா?"

"அவ எப்படி வெளிய வருவா?"

சகாயராஜ் சாலையைப் பார்த்தபடி, "ராணி, அவ வரமாட்டா," என்றான். இத்தனை நாளில் அந்த வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை அது.

மணப்பாட்டில் ஆட்கள் வண்டிக்குப் பின்னால் ஓடிவந்தார்கள். உவரியில் ஒரு கிழவர் துடுப்பால் வண்டியைத் தட்டி, "ஓய், இப்படித் தச்சுப்போட்டா வள்ளத்த எப்படிவே எறக்க? உம்ம மடியிலயா?" என்று கேட்டார். சகாயராஜுக்கு நிறுத்த ஆசைதான், ஆக்ஸிலேட்டரை மிதித்த கால் விடவில்லை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பெட்ரோல் தீர்ந்தது. வண்டி அதைப் பொருட்படுத்தவில்லை.

தையலை முடிக்கக் கைமடியால்தான் முடியும். அவள் நூலை எங்கே வெட்டுகிறாளோ அங்கே கால் நிற்கும். விஜயராணிக்கு அது தெரியும். ஊருக்கு முன்னாலேயே வெட்டிவிட்டால் அந்த அரை மைல் கரையாவது திறந்திருக்கும். ஒரு பிள்ளை வெளியே வர அது போதும். அவள் இடுப்பிலிருந்து சின்னக் கத்திரியை எடுத்தாள். தூரத்தில் ஊர் மாதா கோயில் கோபுரம் தெரிந்தது.

அப்போது ஜெசி தின்ற கொய்யாவெல்லாம் சட்டைமேல் வாந்தியாக வந்தது. மாற்றுத்துணிக்காக அவளே அம்மாவின் மடியிலிருந்த பையைத் திறந்தாள். உள்ளே ஆறு கவுன்கள், ஆறும் ஏற்றுமதியில் மிஞ்சியவை. ஒவ்வொரு பண்டிகைக்கும் அமலிக்கென்று விஜயராணி எடுத்து வைத்தவை. எல்லாவற்றின் கழுத்திலும் ஒரே அளவுச் சீட்டு, ஆறு முதல் ஏழு வயது. ஜெசி ஒன்றைத் தலைவழியாகப் போட்டாள். தோளில் மாட்டிக்கொண்டது, கீழே இறங்கவில்லை. அவளுக்கு அடுத்த மாதம் எட்டு முடிகிறது.

"அம்மா, பத்தல," என்று துணிக்குள்ளிருந்து சொன்னாள். "அக்கா என்னைவிடச் சின்னவளா இப்ப?"

விஜயராணி கவுனை மெதுவாக மேலே இழுத்துக் கழற்றினாள். அதற்கு ரொம்ப நேரம் பிடித்தது. இடது பக்கம் கோயிலும், கல்லறைத் தோட்டமும், அத்தை வீடு இருந்த மேடும் போயின. கத்திரி அவள் மடியில் கிடந்தது. கண்ணாடியில் சகாயராஜ் அதைப் பார்த்தான். ஊர்க் கரை முழுவதும் தைபட்டது. கன்னியாகுமரியில் சாலை முடிகிற இடத்தில் அவள் ஜன்னலுக்கு வெளியே குனிந்து நூலை வெட்டினாள். கால் நின்றது. சகாயராஜ் ஸ்டியரிங்கில் தலை வைத்துச் சாயங்காலம்வரை தூங்கினான்.

கடல் இல்லாமல் கடற்கரைக்காரர்கள் பிழைக்க முடியாது. மறுநாளே ஊர் ஊராகக் கத்தியும் அரிவாளும் எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தார்கள். தங்கள் ஊர்க் கரையை விஜயராணியே பிரித்தாள், கூட யாரையும் சேர்க்கவில்லை. மூன்று நாள் ஈரமணலில் உட்கார்ந்து ஒவ்வொரு குத்தாக வெட்டினாள். ஒவ்வொரு குத்தும் விட்டபோது தண்ணீர் வந்தது. தண்ணீர் மட்டும்தான் வந்தது. நாலாம் நாள் கிராம அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டாள். கல்லறைத் தோட்டத்தில் ஆறு கவுன்களையும் வைத்து ஒரு குழியை மூடினார்கள்.

திருப்பூர் திரும்பிய பிறகு சகாயராஜ் ஒரு ஆள் உருப்படிதான் தைத்தான். கந்தப்பன் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அந்தக் கரையில் ஊசி இறங்கிய துளைகள் எந்த அலைக்கும் தூர்ந்து போகவில்லை. முழத்துக்கு மூன்றாக இன்னும் இருக்கின்றன. வள்ளத்தைக் கரையில் கட்டிவைக்கிறவர்கள் அவற்றில்தான் முளை இறக்குகிறார்கள். தனியாகக் குழி தோண்டுகிற வேலை மிச்சம் என்கிறார்கள்.