படகுத்துறையை இடித்த குரல்

1

இந்தக் கதையை ஒரு ஃபெர்ரிப் படகில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யொருன் என்ற பெண் சொன்னாள், வாய் நிறைய அப்பத்தோடு. பாதி காதில் விழுந்தது. மென்று விழுங்கிய பாதியை நான் இட்டுக்கட்டுகிறேன்.

மனித கவனத்தின் மர்மங்களை ஆராய்ந்த தூரிட், ஓர் அதிகாலையில்... (வேண்டாம். அதிகாலையில் தூங்குவாள்.)

தூரிட், ஓலசுன் என்ற துறைமுக நகரத்து உளவியலாளர். விமானிகள், தாதிகள், கிரேன் ஓட்டுநர்கள் எல்லாரும் வேலை நடுவில் எதைக் கவனிக்கிறார்கள், எதைக் கோட்டைவிடுகிறார்கள் என்று ஆராய்ந்தே தலை நரைத்தவள். தனியாள். (ஐம்பத்தெட்டு வயதுக்காரியை 'அவள்' என்கிறேனே என்று கோபிக்காதீர்கள். நான் அவளைவிட மூத்தவன்.) யொருன் அவளுடைய உதவியாளர்.

2

ஃபெர்ரிகளில் அபாய மணி ஓயாமல் அலறி, கேப்டன்களுக்கு அது பழகிவிட்டது. மணிக்குப் பதில் மனிதக் குரல் ஒலித்தால் கவனிப்பார்களா? நிஜப் படகுபோல ஆடும் பயிற்சி அறையில் சோதனை. குரல் கொடுக்க ஆள் போதாமல் தூரிட்டும் பேசினாள்.

எந்தக் கேப்டனும் எந்தக் குரலையும் சட்டை செய்யவில்லை, ஓட்வாரைத் தவிர. தூரிட்டின் குரல் "இடப்பக்கம் ஆபத்து!" என்றதும் துள்ளி எழுந்தான். ஒலிபெருக்கியைப் பார்த்துச் சிரித்தான். சிரித்தபடியே திரையில் தெரிந்த படகுத்துறையில் போய் மோதினான்.

"இவர் கவனிக்கலை மேடம், சொக்கிப்போயிட்டார்," என்றாள் யொருன். "கணக்கிலேர்ந்து எடுத்துடலாம்."

3

மறுநாள் ஓட்வார் ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டான்.

"என்னை எதுக்கு எடுக்கணும்? மத்தவங்க காதுலயே வாங்கலை, நான் வாங்கினேனே!"

"கடலைப் பாருங்கன்னா ஒலிபெருக்கியைப் பாக்கறீங்க, கேப்டன்," என்றாள் தூரிட்.

"இன்னொரு தடவை சொல்லிப் பாருங்க."

அவனைப் பயிற்சி அறையில் உட்காரவைத்து, கையில் கிடைத்த தாளை எடுத்து ஒலிவாங்கியில் வாசித்தாள். மறுபடியும் இடித்தான்.

"நான் படிச்சது காபி மெஷினைக் கழுவற முறை!"

"தெரியும். அழகா கழுவினீங்க."

(இவனிடம் யார் படகைக் கொடுத்தார்கள்? எனக்கே சந்தேகம். நிஜக் கடலில் இத்தனை வருடத்தில் அவன் படகில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்று யொருன் சத்தியம் செய்தாள்.)

தூரிட்டுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு பயம் வந்தது. "அறிக்கையில எழுதினா உங்க படகு போயிடும். எழுதாட்டி நான் பொய் சொன்னவளாயிடுவேன்."

"அப்ப நிஜப் படகுல வந்து பாருங்க."

4

பயணிகள் இல்லாத படகு. துணைக் கேப்டன் பக்கத்திலேயே தயாராக நின்றார். துறை தெரிந்ததும் ஓட்வார் சொன்னான்:

"ஒண்ணு கேக்கறேன். படகைத் துறையில கயிறு கட்டினப்புறம் பதில் சொன்னா போதும். எங்கூடவே இருந்துடறீங்களா?"

தூரிட் வாயைத் திறந்தாள். கையால் பொத்திக்கொண்டாள்.

'சரி' என்று அவள் கத்த, துறை நொறுங்குவதாக ஒரு முடிவு எழுதினேன். கிழித்துவிட்டேன். 'முடியாது' என்றதும் அவன் அழுதுகொண்டே அலுங்காமல் நிறுத்துவதாக இன்னொன்று. அதையும்.

அவள் பக்கம் திரும்பாமல் ஓட்வார் தண்ணீரையே பார்க்கிறான். துறை நெருங்குகிறது. அவள் பதில் எனக்குத் தெரியும். இப்போது எழுதினால் அவன் காதில் விழுந்துவிடும். கயிறு கட்டியானதும் நீங்களே அவளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை தயவுசெய்து யாரும் வாய்விட்டுப் படிக்காதீர்கள்.