அரை உழவு மழை

மலைக்கிராமமான புதூர்நாட்டுக்கு மேலே, ஓடைக்குக் குறுக்கே நிற்கும் மண்கரைத் தடுப்பணைக்குக் கணக்குப் போட்டவன் நான். முப்பது வருஷ இன்ஜினியர் என்று மார்தட்டிக்கொள்ள இனி எனக்கு வாய் இல்லை.

அப்போது அங்கே மழைமானி கிடையாது. மலைக்காரர்கள் மழையை உழவில்தான் சொல்வார்கள். மழை விட்டதும் மண்ணைக் கொத்திப் பார்ப்பார்கள். ஏர் இறங்கும் ஆழத்துக்கு ஈரம் இருந்தால் ஒரு உழவு மழை. ஓடைக் கரையில் சாமை விதைக்கும் மாணிக்கம்மாளிடம் பத்து வருஷ மழையைக் கேட்டு எழுதினேன். உழவை மில்லிமீட்டராக மாற்றி, அதை நாள் முழுவதும் சீராகப் பரப்பி, உபரி நீர் வழிய மூன்று மீட்டர் அகலம் போதும் என்று முடிவு கட்டினேன். பெரிய புத்திசாலி என்ற நினைப்பு வேறு.

"அணைக்குக் கீழ வூடு கட்டலாங்களா?" என்று கேட்டாள்.

"தாராளமாக் கட்டும்மா" என்றேன். கட்டிவிட்டாள்.

போன மாதம்தான் அவள் நிலத்தில், ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை தானாகப் பதியும் மழைமானி வைத்தோம். நேற்று மாலை பெய்தது நாற்பது மில்லிமீட்டர்; அதில் முப்பது, இருபதே நிமிஷத்தில். காலையில் ஓடினேன். அணை நிரம்பியிருந்தது. தண்ணீர் ஏறிய தடம் கரை உச்சிக்கு ஒரு சாண் கீழே தெரிந்தது.

மாணிக்கம்மாள் நிலத்தில் கொத்திக்கொண்டிருந்தாள்.

"நேத்து எத்தனை உழவும்மா?"

"அரை உழவுகூட இல்லீங்க. உள்ளாற எறங்கவே இல்ல. அத்தினியும் ஓடிப்போச்சி."

பழைய நோட்டைப் புரட்டினேன். அவளுடைய இரண்டு மாடுகளை ஓடை அடித்துக்கொண்டு போன நாளுக்கு நேரே 'அரை உழவு' என்று இருந்தது. மாடு போனதையும் ஓரத்தில் குறித்திருந்தேன். குறித்துவிட்டு, சின்ன மழை என்று தள்ளிய மடையன் நான்தான்.

"மாணிக்கம்மா, தண்ணி வழியிற வழி சின்னதாப் போச்சு. தப்பு என்னோடது. இதைவிடப் பெருசா ஒரு மழை வந்தா கரை நிக்காது. குழந்தையக் கூட்டிக்கிட்டு மேல போயிடும்மா."

"நீங்க சொன்னதுக்கு அப்பாலதானங்க வூடு கட்டுனோம்?"

"உன்னைக் கேட்டுத்தானம்மா கணக்கே போட்டேன்." பழியை அவள் தலையில் தள்ளப் பார்த்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

"எத்தினி உழவுன்னு கேட்டீங்க, சொன்னேன். எம்மா நேரம் பேஞ்சிதுன்னு ஒரு தபா கேட்டீங்களா?"

கேட்கவில்லை.

தெற்கே கருத்துக்கொண்டு வந்தது. ஆபீசுக்குப் போன் போட்டேன். கரையை வெட்டி வழியை அகலமாக்க நாளைக்குத்தான் இயந்திரம் வரும் என்றார்கள். அதற்குள் அவள் வீட்டுக்குள் போய், தூங்கிக்கொண்டிருந்த மகள் காவியாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். வாசலில் கிடந்த அரிசி மூட்டையைத் தூக்கக் குனிந்தேன்.

"வெச்சிடுங்க" என்றாள். "எங்க வூட்டுல நீங்க கை வெச்ச வரைக்கும் போதும்."