அமுங்கிய பெடல்

…கிளச்சின் மேல் காலைப் போட்டுக்கொண்டே ஓட்டினேனாம், பிளேட்டைக் கருக்கிவிட்டேனாம், நன்றாயிருக்கிறது நியாயம்! டயகம ஏற்றத்தில் தோட்டத்துத் துரையின் கார் நின்றதும் அவர் முணுமுணுத்தது ஒரே வார்த்தை, அதைத் தமிழில் சொன்ன பெரிய கிளாக்கர் சேர்த்துக்கொண்டது எத்தனை! "டேய் கந்தப்பா, நாளைக்குப் பெரட்டுல எல்லார் முன்னாலயும் ஒத்துக்க, இல்லன்னா கான் வெட்டப் போ" என்கிறார். விடியலில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டிலாம்! மண்வெட்டியோடு தண்ணீர்க் கான் வெட்டப் போனால் டிரைவர் வீடும் போகும், மறுபடி கூலியாட்களின் லயத்தில் அண்ணன் குடும்பத்தோடு ஒரே காம்பராவில் ஒண்ட வேண்டும், செய்யாததை ஒத்துக்கொள்ள எனக்கென்ன கிறுக்கா? பிளேட் தேய்ந்தால் எஞ்சின் உறுமும், கார் நகராது. இங்கே கார் இழுக்கிறது, கியர்தான் விழாமல் கரகரக்கிறது… இரண்டும் ஒன்றா? கிளச் பக்கமே கால் வைத்தறியாத மனிதர் எனக்குத் தீர்ப்புச் சொல்கிறார்!

பெடலை மிதித்தால் சேற்றில் கால் வைத்ததுபோல் அமுங்குகிறது, காலை எடுத்தால் ஏறி வர அழுகிறது, எங்கேயோ ஒழுகுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன், காருக்கடியில் படுத்துக் குழாய் நெடுகத் தடவினேன், ஈரமே இல்லை. காற்றுப் புகுந்திருக்குமோ? காற்றுப் போக்கும் திருகைத் தளர்த்திப் பார்த்தேன், ஒரு குமிழிகூட வரவில்லை. பானெட்டுக்குள் இருக்கும் கிளச் எண்ணெய் டப்பாவைத் திறந்தால்… விளிம்பு வரை நிறைந்திருக்கிறது! ஆயுத பூசைக்கு முன்னால் பாதிதானே இருந்தது? ஒரு டின் வேணுங்க என்று கிளாக்கரிடம் எத்தனை தரம் கெஞ்சினேன், "இருக்கிறத வச்சு ஓட்டுடா" என்று விரட்டினாரே, பிறகு யார் ஊற்றியது? ஸ்டோரில் கிடந்த மெஷின் எண்ணெயை அவரே ஊற்றச் சொல்லிவிட்டுப் பழியை என் தலையில் போடுகிறாரா? இருக்கட்டும், டப்பாவுக்குக் கீழுள்ள சிலிண்டரைக் கழற்றினேன். உள்ளே இருந்த ரப்பர், ஊறிய உளுந்துபோல் உப்பிப் பிசுபிசுவென்று கையோடு வந்தது. அகப்பட்டாயா! நாளைக்குப் பெரட்டில் இதைத் துரை மூக்குக்கு நேரே நீட்டுகிறேன், கிளாக்கர் முகம் எங்கே போகிறதென்று பார்க்கிறேன்… என் மூக்கருகே கொண்டுபோனேன். மெஷின் எண்ணெய் வாடை இல்லை. நல்லெண்ணெய்.

என் பெண்சாதி வீரம்மா தேத்தண்ணியோடு வந்து நின்றாள். திறந்திருந்த டப்பாவை எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, எண்ணெ பத்தலையா? பூசையன்னிக்கு நீங்க டயருக்கடியில எலுமிச்சம்பழம் வைக்கையில, சாமி வெளக்குல மிஞ்சினத நாந்தாங்க இதுல ஊத்தினேன். கினிகத்தேனை எறக்கத்துல ஒங்களுக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னு… போத்தல்ல இன்னும் கெடக்கு, எடுத்தாரவா?"

கத்தத்தான் வாயைத் திறந்தேன். யாரைப் பார்த்துக் கத்துவது? கிளாக்கர் அந்த ஒரு டின்னைக் கொடுத்திருந்தால் இவள் கை இதற்குள் போயிருக்குமா… கேட்பார்களா அதை, யார் ஊற்றினார்கள் என்றுதான் கேட்பார்கள், ரப்பரைக் காட்டினால் இவளைப் பெரட்டில் நிறுத்துவார்கள், காட்டாவிட்டால் நான்தான் கருக்கினேன் என்றாகும். இத்தனை கோபத்தையும் இப்போது எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? ரப்பரை உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டு, மற்றக் கையைத் தேத்தண்ணிக்கு நீட்டினேன்.

அவள் கோப்பையைக் கொடுக்கவில்லை. "எடது கையால வாங்குறீங்க… சோத்துக் கையில என்னங்க?" என்றாள்.