பொழுது சாய்ந்த பின்

சபைக் கூடத்தின் வாசலில் மச்சான் என்னை நிறுத்தினார். என் மனைவியின் அண்ணன். சபையின் மூப்பரும் அவர்தான். உள்ளே இன்னும் அரைமணி நேரத்தில் என் மகளுக்குக் கல்யாணம்.

"போன ஞாயித்துக்கிழமை பொணத்தைத் தொட்டீங்க. செவ்வாய்க்கிழமை குளிச்சீங்க, நேத்தும் குளிச்சாச்சு. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க மாப்பிள்ளை. தூக்கினது பொழுது சாயறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

எங்கள் சபை சின்னது. பழைய ஏற்பாட்டு நியாயப்பிரமாணத்தில் ஓர் எழுத்தையும் விடாது. பிணத்தைத் தொட்டவன் மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் குளித்துச் சுத்தமாக வேண்டும். மூன்றாம் நாள் தவறினால் ஏழாம் நாள் குளித்தும் பயனில்லை. அந்தத் தீட்டோடு உள்ளே நுழைந்தவன் அறுப்புண்டுபோவான். பிறகு அவனுக்குச் சபை இல்லை. எங்களுக்கு நாள் பிறப்பதும் விடியலில் அல்ல, பொழுது சாயும்போது.

நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். அன்று இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்டின் கதவை நெம்பித் திறந்தபோது உள்ளே ஒருவர் சரிந்து கிடந்தார். உயிர் போய்விட்டது என்று மேலிருந்து குனிந்து பார்த்தவர்கள் சொன்னார்கள். சொன்னவர்கள் யாரும் இறங்கி வரவில்லை. கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினேன். உடம்பில் இன்னும் சூடு இருந்தது. படிக்கட்டில் கிடத்தியபோது ஜன்னல் வழியாகத் தெருவிளக்கின் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. அப்படியென்றால் பொழுது சாய்ந்துவிட்டது, அது திங்கட்கிழமைக் கணக்கு. வேலைச் சீட்டில் எழுதிய ஞாயிறையே முதல் நாளாக எண்ணி, செவ்வாய்க்கிழமை, இரண்டாம் நாளிலேயே குளித்திருக்கிறேன்.

முன்னாடி என்று சொன்னால் போதும். மச்சானும் அதற்காகத்தான் காத்திருந்தார் போலும். கதவைப் பாதி திறந்தே பிடித்திருந்தார்.

"பின்னாடி" என்றேன்.

மச்சான் கதவிலிருந்து கையை எடுத்தார். "வருஷம் பூரா வாயத் திறக்க மாட்டீங்க. இன்னைக்குப் பாத்தா திறக்கணும்?"

மகள் கல்யாண உடையில், செருப்பில்லாமல் வாசலுக்கு வந்தாள். மச்சான் விஷயத்தைச் சொன்னார்.

"இப்ப அப்பாவைத் தொட்டா எனக்கு எவ்வளவு நேரம் மாமா தீட்டு?"

"சாயங்காலம் வரைக்கும். ஏய், கல்யாணப் பொண்ணு நீ. விளையாடாத."

"அப்போ கல்யாணத்தைப் பொழுது சாஞ்சு வச்சுக்கலாம்."

"அப்பவும் உங்கப்பா உள்ள வர முடியாதும்மா."

"தெரியும். அதுவரைக்கும் அப்பா தனியா நிக்க வேணாம்ல."

உள்ளே பாட்டு தொடங்கிவிட்டது. வாசற்படிக்கு அந்தப் பக்கமிருந்து அவள் கையை நீட்டினாள். நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் கையை மடக்கவில்லை. ஒரு வெறும் பாதம் மட்டும் படியைத் தாண்டி வெயிலில் இறங்கியது.