முட்டிக்கு வெட்டிய கடா

கால்பந்து ஆடும் ஓர்ஹுனின் இடது முட்டியில் மூன்று முறை ஆபரேஷன் கத்தி பட்டிருக்கிறது. இருந்தும் பந்து அவன் காலுக்கு வந்துவிட்டால் எதிரணியில் இரண்டு பேர் அவனை மறிக்க ஓடிவருவார்கள். ஓடுகிறவனுக்கே தெரியாத இடைவெளி இவன் கண்ணுக்குத் தெரிந்துவிடும். கருங்கடல் கரையில் இருந்த அந்த ஊரின் தேநீர்க் கடைகளில், கடவுள் அவனுக்குக் காலைக் கொடுத்துவிட்டு முட்டியை மறந்துவிட்டார் என்பார்கள். வாய்க்கொழுப்பு பிடித்தவர்கள் 'கண்ணாடிக்கால்' என்று கூப்பிடுவார்கள்.

அந்த முட்டியின் தசைநார் நாலாவது முறை கிழிந்தால் பந்தை விடுங்கள், மாடிப்படி ஏறுவதே பெரும்பாடு என்று டாக்டர் சொன்னபோது, அவன் மனைவி நெஸ்ரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அன்றோடு அவள் ஆட்டம் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

பருவத்தின் கடைசி ஆட்டம் வந்தது. ஜெயிக்காவிட்டால் அணி கீழ்ப்பிரிவுக்குப் போய்விடும். வழக்கம்போல் பயிற்சி மைதான வாசலில் கடா வெட்டினார்கள். கிளப் தலைவர் முஸாஃபர் ரத்தத்தில் விரலைத் தொட்டு, வரிசையில் நின்ற ஒவ்வொருவர் நெற்றியிலும் வைத்துக்கொண்டே வந்தார். ஓர்ஹுனிடம் வந்ததும் கோட்டும் சூட்டுமாக மண்டியிட்டு, அவன் முட்டியில் பூசினார்.

"இந்தக் கடா உன் முட்டிக்குத்தான் தம்பி. உன்மேல பட்ட கண்ணெல்லாம் இதோட போச்சு. ஞாயித்துக்கிழமை நீ ஆடுற, நாம ஜெயிக்கிறோம்."

சுற்றி நின்ற கூட்டம் கைதட்டியது. அன்று காலைதான் அந்த முட்டி வீங்கியிருந்தது. மசாஜ் செய்யும் காத்ரிக்கு மட்டும்தான் அது தெரியும்.

"ஹோஜாகிட்ட சொல்லிடு தம்பி," என்றார் காத்ரி, ஐஸ் கட்டியபடி. பயிற்சியாளரை அங்கே எல்லோரும் ஹோஜா என்றுதான் அழைப்பார்கள்.

"ஊரே பார்க்க என் முட்டிக்குக் கடா வெட்டியிருக்காங்க அண்ணே. இப்பப் போயி வலிக்குதுன்னா, அடுத்து என்னைத்தான் வெட்டுவாங்க."

ஞாயிற்றுக்கிழமை ஆடினான். முதல் பாதியில் மூன்று பேருக்கு நடுவே அவன் தள்ளிவிட்ட பந்தைக் கேப்டன் இல்ஹாமி கோலாக்கினான். அரங்கமே ஓர்ஹுன் பெயரைச் சொல்லி ஆடியது. அவனுக்கும் வலி மறந்துபோனது. பாவி மனசு, இன்னும் பத்து வருஷம் ஆடலாம் என்றுகூட நினைத்துக்கொண்டது.

இரண்டாம் பாதியில் ஒருமுறை திரும்பும்போது முட்டிக்குள் ஏதோ நழுவி, மறுபடி பொருந்தியது. முன்பு கிழிந்த மூன்று முறையும் இப்படித்தான் முதலில் நழுவியது. அடுத்தது என்னவென்று அவனுக்குத் தெரியும். பந்து அவனை நோக்கி வந்தது. இடது காலை நீட்டினால் எட்டிவிடும். நீட்டவில்லை. பந்து கோட்டைத் தாண்டி உருண்டு போனது. அவன் ஹோஜாவைப் பார்த்துக் கையைத் தூக்கினான்.

"எவனாச்சும் மிதிச்சானா?" ஹோஜா ஓடிவந்தார்.

"இல்ல ஹோஜா. முட்டி போகப்போகுது."

"நல்லாத்தானே நடக்கிற? இன்னும் இருபது நிமிஷம்தான்டா."

"நடக்க முடியறப்பவே வெளிய வந்துடறேன் ஹோஜா."

அவன் நடந்து வெளியே வர வர விசில் காதைக் கிழித்தது. அந்த ஊரில் விசில் என்றால் வசவு. ஸ்ட்ரெச்சரில் போன மூன்று முறையும் இதே ஜனங்கள்தான் எழுந்து நின்று அழுதார்கள். இப்போதும் விழுந்து தொலைத்திருந்தால் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருப்பார்கள். என்ன ஜென்மங்களோ.

முடியும் நேரத்தில் எதிரணி ஒரு கோல் போட்டது. ஆட்டம் சமன். அணி கீழே போனது.

உடை மாற்றும் அறையில் யாரும் அவனோடு பேசவில்லை. முன்பெல்லாம் ஸ்ட்ரெச்சர் கூடவே கையைப் பிடித்துக்கொண்டு வந்த இல்ஹாமி, அவனைக் கடந்து போகும்போது மட்டும் சொன்னான்.

"அந்தக் கடாவாச்சும் எங்களுக்காக உசுரை விட்டுச்சு."

ஓர்ஹுன் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தான். போன் அடித்தது. நெஸ்ரின்.

"பக்கத்து வீட்டுல, நீ பாதியில வெளிய வந்துட்டன்னு கத்துறாங்க," என்றாள். மூச்சு வாங்கியது அவளுக்கு. "எந்தக் கால்? எந்த ஆஸ்பத்திரிக்கு வரணும்? சொல்லு."

"எங்கேயும் வர வேண்டாம். ரெண்டு காலும் நல்லாத்தான் இருக்கு," என்றான். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.