அரை அங்குலக் கண்ணாடி

விருத்தகிரிக்கும் அவர் தம்பி மாயவனுக்கும் பாகம் பிரித்த வீட்டின் நடுவில் இருந்த கண்ணாடிச் சுவரின் கனம் அரை அங்குலம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலில் அதன் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போக, நல்ல கால் உள்ள ஆளுக்குப் பதினாறு நாள் பிடித்தது. விருத்தாசலத்தில் இதை யாரும் மறுப்பதில்லை. அளவுகோல் வைத்துப் பார்த்த ஆசாரிகளும் பீங்கான் பட்டறை மேஸ்திரிகளும் நிறையப் பேர். வைத்தபோதெல்லாம் அரை அங்குலம்தான் காட்டியது. அளவு சரியாக இருந்ததால் யார் மேலும் குற்றம் சொல்ல முடியவில்லை.

சண்டை சூளையில் தொடங்கியது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஊறுகாய் ஜாடியும் பொம்மையும் செய்யும் சின்னப் பட்டறை ஒன்று வைத்திருந்தார்கள். அறுபத்து மூன்று பங்குனியில் ஒரு சூளை ஆறுவதற்கு முன்பே யாரோ கதவைத் திறந்துவிட்டார்கள். வெளிக்காற்று பட்டதும் உள்ளே இருந்த அத்தனை ஜாடியும் விரிசல் விட்டன. நீதான் திறந்தாய் என்று அண்ணன் சொன்னார், நீதான் என்று தம்பி சொன்னார். முதலில் பேச்சு நின்றது, பிறகு சேர்ந்து சாப்பிடுவது நின்றது, ஆடி பிறப்பதற்குள் பஞ்சாயத்து கூடி வீட்டை இரண்டாகப் பிரித்தார்கள். ஒருவர் வாசப்படியை இன்னொருவரோ அவர் வீட்டு மனுஷர்களோ மிதிப்பதில்லை என்று இரண்டு பேரும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள்.

முற்றம் தம்பி பாகத்துக்குப் போயிற்று. நடுவில் செங்கல் சுவர் எழுந்தால் அண்ணன் பாகம் பகலிலும் விளக்கேற்ற வேண்டிய இருட்டாகிவிடும். விருத்தகிரியின் மனைவி கனகாவுக்கு இருட்டு பெரிய விஷயமில்லை. அவளுக்குப் பிள்ளை இல்லை. மாயவனின் மகள் ஆண்டாள், பால் மறந்த நாளிலிருந்து கனகாவின் பக்கத்தில்தான் படுத்தாள், கனகாவின் கையால்தான் சாப்பிட்டாள். பெற்றவள் பெரியநாயகி மூச்சிரைப்புக்காரி, அவளுக்கும் அது உதவியாக இருந்தது. வீடு பிரியும்போது ஆண்டாளுக்கு ஐந்து வயது. பஞ்சாயத்தார் எழுந்துபோகும் நேரத்தில் கனகா கதவோரம் நின்று, "செவுரு வேணாங்க, வெளிச்சம் வர்ற மாதிரி எதனா வைங்க" என்றாள். எந்த வெளிச்சத்தைச் சொல்கிறாள் என்பது எல்லோருக்கும் புரிந்தது. விருத்தகிரி தலையைக் குனிந்துகொண்டு சரி என்றார்.

அதற்கான கண்ணாடியைச் செய்தவர் காஸ்பர். மாதா கோயில் தெருக்காரர், பட்டறைகளுக்கு அச்சு செய்து கொடுப்பவர். வேப்பூரில் ஒரு லாரி புளியமரத்தில் மோதி நின்றபோது பக்கத்து ஓட்டலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். முன்கண்ணாடி முழுக்கச் சிலந்தி வலை மாதிரி கீறியும் ஒரு சில்லுகூடக் கீழே விழவில்லை. கிட்டே போய்ப் பார்த்தார். இரண்டு கண்ணாடிக்கு நடுவே, முட்டை ஓட்டுக்கு உள்ளே இருப்பதுபோல் ஒரு சவ்வு இருந்தது. டீக்குக் காசு கொடுக்க மறந்து ஊர் திரும்பியவர், மெட்ராஸிலிருந்து கலர் கலராகச் சவ்வு வரவழைத்து, இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்து, பாரம் ஏற்றி, ஆறிக்கொண்டிருக்கும் சூளையின் சூட்டில் ஒட்டப் பழகினார். ஒட்டுக் கண்ணாடி என்று ஊரில் பேர் வந்தது. மாதா கோயிலின் பக்கத்து சன்னல் ஒன்றில் போட்டார், ஒரு டாக்டர் வீட்டு மாடிப்படியில் போட்டார். மூன்றாவதாக இந்த வீட்டுக்கு, தேக்குச் சட்டம் கட்டி, தரையிலிருந்து பரண் வரை மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு என்று பத்தி பத்தியாக நிறுத்தினார்.

"கல்லால அடிங்க மொதலாளி, கீறும். வுழாது. நடுவுல இருக்குற சவ்வு வுடாது" என்று விருத்தகிரியிடம் உறுதி சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு விருத்தகிரியின் வீட்டுக்குள் எதுவும் அதனதன் நிறத்தில் இல்லை. காலையில் அடுப்படிச் சோறு மஞ்சளாக இருந்தது, மத்தியானம் அம்மியும் குழவியும் பச்சையாயின. உப்பு நீலமாகத் தெரிந்ததால் கனகா இரண்டு முறை குழம்பில் போடாமல் விட்டாள். துணி எடுத்து வந்தால் தெருவில் விரித்துத்தான் கலர் பார்க்க வேண்டும். விருந்தாளி ஒருவருக்கு மஞ்சள்காமாலை என்று பயந்து கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், அவர் வாசலுக்கு வந்ததும் சரியாகிவிட்டது. ஊர் வந்து பார்த்து அழகு என்றது. நெல் மண்டிக்காரர்கள் இரண்டு பேர் தங்கள் வீட்டுக் கூடத்துக்கும் வேண்டுமென்று காஸ்பரிடம் சொல்லி வைத்தார்கள். கனகாவுக்கு அந்தச் சுவர் வேறு விதமாக உதவியது. தலை குளித்துவிட்டு ஆண்டாள் நீலத்தில் வந்து நிற்பாள், ஸ்கூல் விட்டு வந்ததும் பச்சையில் நிற்பாள். சத்தம் வராது. இந்தப் பக்கம் கனகா உள்ளங்கையை வைப்பாள், அந்தப் பக்கம் குழந்தை தன் கையை அதன்மேல் பொருத்துவாள். கண்ணாடி வழியாக அந்தக் கையின் சூடு வந்தது என்று கனகா சொல்லியிருக்கிறாள்.

அறுபத்தாறில் ஒரு நாள் கை பொருந்தவில்லை. குழந்தை கையை வைத்துத்தான் இருந்தாள், ஆனால் நடுவில் ஒரு முழம் இடைவெளி தெரிந்தது. மறுவாரம் அது ஒரு அறையின் நீளமாயிற்று. அறுவடைக்குள் ஒரு தெருவின் நீளம். ஆண்டாள் அந்தக் கோடியில் நின்று கையை ஆட்டினாள், இந்தக் கோடியில் கனகா கையை ஆட்டினாள். காஸ்பரைக் கூப்பிட்டார்கள். அவர் ஓரத்தில் விரலை வைத்துப் பார்த்து, தட்டிப் பார்த்து, சவ்வு சில சமயம் சூட்டில் கொஞ்சம் விரியும், இவ்வளவு விரிந்து தான் பார்த்ததில்லை என்றார்.

கற்பூரம் அணைத்ததைக் கனகாதான் முதலில் மீறினாள். புருஷன் பட்டறைக்குப் போனதும் தெருவில் இறங்கி மாயவன் வாசலுக்கு நடந்தாள். ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு மூன்று எட்டு. கனகா நடந்தாள். வெள்ளையடித்த அதே சுவர் பக்கத்தில் வந்துகொண்டே இருந்தது. காய்க்கூடைக்காரி காசியம்மாள் அவளைத் தாண்டிப் போய், கூடையைக் காலி செய்து, திரும்பி வந்தாள்.

"என்னா கனகா, இன்னும் இங்கயே இருக்கற? நான் ஆலடி ரோடு வரைக்கும் போயிட்டு வந்துட்டன்."

"நடந்துக்கிட்டுதான் இருக்கறன்."

"பாத்தா அப்பிடித்தான் தெரியுது" என்று காசியம்மாள் கூடையை இறக்கிவைத்து அவளுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். பொழுது சாயும் நேரத்தில் கனகா பாதி வழியில் திரும்பினாள்.

தூரம் அந்த இரண்டு வீட்டு மனுஷர்களுக்கு மட்டும்தான். தபால்காரரும் பால்காரரும் மூச்சு விடுவதற்குள் இரண்டு வாசலையும் பார்த்துவிட்டுப் போனார்கள். கனகா சுட்ட அதிரசத்தைக் காசியம்மாள் கொண்டுபோய்ச் சூடு ஆறுவதற்குள் ஆண்டாள் கையில் கொடுத்தாள். குழந்தையையே தூக்கி வந்துவிடுகிறேன் என்று ஒரு நாள் கிளம்பினாள். ஆண்டாளை இடுப்பில் வைத்ததும் காசியம்மாளுக்கும் வழி நீண்டுவிட்டது. மத்தியானம் வரை நடந்து, வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு, குழந்தையைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டாள். வெளியில் பார்த்தாலும் அதே கதைதான். மாசி மகத்தில் மணிமுத்தாற்றங்கரையில் ஆண்டாள் பலூன்காரனிடம் நிற்பதைக் கனகா பார்த்தாள். கூட்டத்தை இடித்துக்கொண்டு போகப் போக, பலூன்காரன் கிட்டே வந்தான், குழந்தை வரவில்லை.

அரிசி கிடைக்காமல் ஊர் கிழங்கு தின்ற அடுத்த வருஷம் விருத்தகிரி கடப்பாரையை எடுத்தார். தம்பி மேல் இருந்த கோபம் அவருக்கு அப்போதும் போகவில்லை. மனைவி கண்ணாடி முன்னால் உட்கார்ந்தே சாப்பிடுவதைப் பார்க்க முடியாமல்தான் எடுத்தார். நீலத்தில் மூன்று அடி, பச்சையில் மூன்று அடி. கண்ணாடி முழுக்கக் கீறியது, ஒரு சில்லும் விழவில்லை. செய்தி கேட்டு வந்த காஸ்பர் ஒரு ஓரமாக நின்று, நான் சொல்லித்தானே வைத்தேன் என்று முணுமுணுத்தார். அவர் முகத்தைப் பார்த்தால் அடி அவர் மேல் விழுந்த மாதிரி இருந்தது. சட்டத்தோடு கழற்றிவிடலாம் என்று ஆசாரியைக் கூட்டி வந்தார்கள். சட்டம் வந்துவிட்டது, கண்ணாடி நின்றது. ஒரு கண்ணாடியைத் தூக்க அதன் இரண்டு முகத்தையும் பிடிக்க வேண்டும். அளவெடுக்க எட்டிய அந்த முகம், தூக்கப் போனதும் யார் கைக்கும் எட்டவில்லை. சட்டத்தைத் திரும்பவும் பொருத்திவிட்டு ஆசாரி போனார். அன்றிலிருந்து கனகாவுக்கு ஆண்டாள் நூறு துண்டாக, நெல்மணி நெல்மணியாகத் தெரிந்தாள்.

கடைசியில் கனகா மணவாளநல்லூர் போனாள். தீராத வழக்கை அங்கே கொளஞ்சியப்பரிடம் பிராதாக எழுதிக் கட்டுவார்கள், சாமி விசாரித்துத் தீர்த்து வைப்பார். எழுதிக் கொடுப்பவர் பேனாவைத் திறந்து, யார் மேல் பிராது என்று கேட்டார்.

"தூரத்து மேலங்க" என்றாள் கனகா.

"அது ஆளு இல்லையேம்மா. சாமி ஆரைக் கூப்புட்டு விசாரிப்பாரு? ஒரு பேர் சொல்லு."

மாயவன் பேரைச் சொல்ல வந்தாள், அவர் ஒன்றும் செய்யவில்லை. புருஷன் பேரை எப்படிச் சொல்வது. காஸ்பர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியவர். கண்ணாடி கேட்டது அவளே. பின்னால் வரிசையில் நின்றவர்கள் செருமினார்கள். அவளுக்குப் பின்னால் நின்றவர் களவுபோன மாட்டுக்காகப் பெண்ணாடத்திலிருந்து வந்தவர், அவர் கையில் பேர் இருந்தது. கனகா நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள். கொண்டுவந்த தேங்காயை உடைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

எழுபத்து நாலு கார்த்திகையில் விருத்தகிரி காய்ச்சலில் இறந்தார். பிள்ளை இல்லாதவருக்குத் தம்பிதான் கொள்ளி வைக்க வேண்டும். சங்கு ஊதி, காசியம்மாளும் போய்ச் சொன்னதும் மாயவன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். சாயங்காலம் வரை பாடையை வைத்துக் காத்திருந்தார்கள். பிறகு பங்காளி ஒருவர் கொள்ளி வைத்தார். மாயவன் நடந்துகொண்டிருந்தார். ஊரே பார்த்தது. டீக்கடையிலிருந்து டீ கொண்டுவந்து கொடுத்தார்கள், மழை பெய்த அன்று ஒருவர் குடை பிடித்தார். கருமாதியன்று காலையில், தாடியும் தேய்ந்த செருப்புமாக, அண்ணன் வாசப்படியில் வந்து உட்கார்ந்தார்.

"சங்கு சத்தம் கேட்டதும் கெளம்பிட்டன் அண்ணி. எங்கயும் நிக்கல."

"தெரியும் தம்பி. காசியம்மா தெனம் சொல்லிக்கிட்டுதான் இருந்தா."

மாயவன் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அண்ணன் கடைசியில் ஏதாவது சொன்னாரா என்று கேட்டார்.

"சொன்னாரு. அன்னிக்கு சூளையத் தொறந்தது நானா இருந்தாலும் இருக்கும், ஞாபகம் இல்லன்னாரு."

"எனக்கும் அப்பிடித்தான் அண்ணி இருக்குது" என்றார் மாயவன்.

சண்டை அதோடு தீர்ந்துவிட்டது, இனிமேல் தூரம் குறைந்துவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். குறையவில்லை. மாயவன் எள்ளும் தண்ணீரும் விட்டு, சாப்பிட்டு, கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். திரும்பிப் போக அவருக்கு முன்னைவிட ஒரு நாள் அதிகம் ஆயிற்று.

ஆண்டாளுக்கு எழுபத்தேழு தை மாதம் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை சேத்தியாத்தோப்பு, உரக்கடை வைத்திருந்தார். கல்யாணமும் அங்கேதான். காசியம்மாள் பத்திரிகையும் வெற்றிலை பாக்கும் கொண்டுவந்து கொடுத்தாள். கனகா விடியற்காலையிலேயே பஸ் பிடித்துப் போய் இறங்கிப் பந்தலுக்குள் நுழைந்தாள். மணவறை கண்ணுக்கு எதிரில் இருந்தது. அட்சதையைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். ஜமக்காளத்தின் கோடுகள் காலடியில் ஓடிக்கொண்டே இருந்தன. அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் மணவறை வரை போய் வாழ்த்திவிட்டு முதல் பந்திக்குப் போனார்கள். கையில் அட்சதை வேர்வையில் நனைந்தது. கெட்டிமேளம் கொட்டியது. மூன்றாவது முடிச்சு விழுந்தது. அடுத்து எடுத்து வைத்த கால் மணவறைப் பலகையில் இடித்து நகம் பெயர்ந்தது.

ஆண்டாள் மாலையோடு அவளுக்கு நேரே நின்றாள். தாலி ஏறியதும் அவள் வேறு வீட்டுப் பெண்ணாகிவிட்டாள், அவ்வளவுதான். பக்கத்தில் தாரை வார்த்த மாயவனும் பெரியநாயகியும் கனகாவின் கண்ணுக்கு எங்கோ கடுகளவில் தெரிந்தார்கள். கனகா ஆண்டாளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வளந்து மாநெறமா ஆயிட்டியாடி?"

"பின்ன என்னா நெறம்னு நெனச்சிக்கிட்டு இருந்த?"

"காலைல நீலம், மத்தியானம் பச்சை. எனக்கு எப்பிடித் தெரியும்?"

"கையை எடு பெரிம்மா, பவுடர் போவுது" என்றாள் ஆண்டாள். சொல்லிவிட்டு அந்தக் கைகள் நகராமல் தன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு கனகா வாரம் ஒரு முறை சேத்தியாத்தோப்பு போனாள். எலுமிச்சங்காய் ஊறுகாயோ முறுக்கோ எடுத்துக்கொண்டு பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆண்டாள் வீட்டில் இருப்பாள். ஏழாம் மாதம் வளைகாப்பு நடத்தி ஆண்டாளைத் தாய் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். அந்த வாசப்படி ஏறியதும் அவள் திரும்பவும் அந்த வீட்டுப் பெண்ணாகிவிட்டாள். அன்று சாயங்காலம் கனகா கண்ணாடியில் பார்த்தாள். கீறல்களுக்கு அப்பால் வெறும் நிறம்தான் இருந்தது. மாயவனும் பெரியநாயகியும் கண்ணாடியில் மறைந்து வருஷங்கள் ஆகியிருந்தன.

பிரசவத்துக்கு வேண்டிய மருந்தைக் கனகா இடித்து உருட்டிக் காசியம்மாளிடம் கொடுத்தனுப்பினாள். ஆண் குழந்தை என்றும், காது மட்டும் ஆண்டாள் காது என்றும் காசியம்மாள்தான் வந்து சொன்னாள். பொண்ணும் பேரனும் பக்கத்து வீட்டில் இருக்க, இவள் சேத்தியாத்தோப்பு பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டிருப்பது காசியம்மாளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

"இங்க இருந்தா எட்டாதே. அங்க போவட்டும்" என்றாள் கனகா.

ஐந்தாம் மாதம் ஆண்டாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு புருஷன் வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலை பஸ்ஸில் கனகாவுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. நின்றுகொண்டே போனாள்.